வாரத்துக்கு எத்தனை நாள் ஜியு-ஜிட்சு மேட்டில் இறங்க வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 34, ஐ.டி. வேலை. தரையில் பிடிபோட்டு எதிராளியை அடக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வகுப்புக்குப் போகிறீர்கள். உங்களோடு அதே வாரத்தில் சேர்ந்த ஒருவர் வாரத்துக்கு ஐந்து நாள் வருகிறார். ஆரம்பத்தில் இருவரும் சமமாக இருந்தீர்கள். இப்போது ஒரே ரவுண்டில் அவர் உங்களை மூன்று முறை தட்ட வைக்கிறார், அதாவது தோற்றதாக ஒப்புக்கொள்ள வைக்கிறார். "முன்னேற வேண்டுமென்றால் வாரத்துக்கு எத்தனை நாள் போக வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனதை அரிப்பது கடைசியில் எழுதிய வரிதான்: "என்னால் இரண்டு நாளுக்கு மேல் முடியாது என்றால் இதைத் தொடர்வதில் பயன் உண்டா?"

உண்டு. தயங்காமல் தொடருங்கள். நான் பன்னிரண்டு வருடமாக மேட்டில், அதாவது பயிற்சி விரிப்பில், இருக்கிறேன்; பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட். சென்னையில் காலை வகுப்பில் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பிழைப்புக்கு வேறு வேலை. ஆகவே அலுவலகம், வீடு, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் நடுவில் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு பயிற்சி செய்பவர்களின் சிரமம் எனக்கும் தெரியும். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது இரண்டு என்ற எண் அல்ல, அந்த இரண்டும் அடுத்தடுத்த நாள்களாக இருப்பது. ஞாயிறு முடிந்து அடுத்த சனி வருவதற்குள் ஐந்து முழு நாள் மேட்டையே பார்ப்பதில்லை. முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

அதற்கு முன்னால் அந்த நண்பரின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஐந்து மாதம் என்றால் ஏறத்தாழ 21 வாரம். எதையும் தவறவிடவில்லை என்றே வைத்துக்கொண்டாலும் நீங்கள் 42 வகுப்பு முடித்திருக்கிறீர்கள். அவர் 105 முடித்திருக்கிறார். காலண்டரில் இருவரும் ஒரே மாதத்தில் நிற்கிறீர்கள், மேட்டில் அவர் உங்களைப்போல இரண்டரை மடங்கு வயதானவர். 42-ஆவது வகுப்பில் இருப்பவரை 105-ஆவது வகுப்பில் இருப்பவர் தட்ட வைப்பதில் வியப்பு ஒன்றுமில்லை. நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, தன் 42-ஆவது வகுப்பில் அவர் எப்படி இருந்தார் என்பதோடு. இன்னொன்றையும் என் அனுபவத்தில் சொல்கிறேன். முதல் வருடத்தில்தான் இந்த எண்ணிக்கை வித்தியாசம் இவ்வளவு பூதாகரமாகத் தெரியும். கீழே மாட்டிக்கொண்டால் மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் இருப்பது, முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது, இடுப்பை நகர்த்தி வெளியே வருவது என்ற நாலைந்து விஷயங்கள் உடம்பில் ஊறிவிட்டாலே, அவை ஊறாதவருக்கு எதிரில் பெரிய ஆளாகத் தெரிவோம். உங்களுக்கும் அவை ஊறும், சில மாதம் தள்ளி.

இப்போது இடைவெளிக்கு வருகிறேன். கற்றது மறக்கும், கற்ற உடனேதான் மிக வேகமாக மறக்கும் என்பதை 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு ஆளாக்கி எழுதிவைத்தார். அவர் மனப்பாடம் செய்தது பொருளற்ற அசைகளை. உடல் திறனுக்கு அதைவிடப் பொருத்தமான சோதனை ஒன்று 1978-ல் பிரிட்டனில் வெளிவந்தது. அஞ்சல் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்றுத்தர வேண்டியிருந்தது. ஆலன் பேட்லி என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளைக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொன்றுக்கு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். மற்ற இரண்டும் நடுவில். நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள்தான் குறைந்த மணி நேரத்தில் விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் நாள் கணக்கில் அவர்களுக்குத்தான் அதிகம் பிடித்தது. நான்கு குழுக்களில் தங்கள் பயிற்சி முறையில் மிகவும் அதிருப்தியாக இருந்ததும் அவர்களே. இந்தக் கடைசி விஷயத்தை என் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஒவ்வொரு மணி நேரத்தையும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, நாம் பின்தங்கிவிட்டோம் என்று தோன்றலாம். இப்போது உங்களுக்கு நடப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

விசைப்பலகை உங்கள் கழுத்தை நெரிக்காது, கீழே தள்ளாது. ஆகவே அந்தச் சோதனையிலிருந்து மணிக்கணக்கு எதையும் ஜியு-ஜிட்சுவுக்குக் கொண்டுவர நான் தயாராக இல்லை. திசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஒரே அளவு பயிற்சியைப் பரப்பிச் செய்தால் நன்றாக ஒட்டும். இந்தத் திசை பல துறைகளில் பல முறை சோதித்து உறுதியானது. மேட்டிலும் நான் கண்ணால் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. சனி, ஞாயிறு மட்டும் வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை நன்றாக விளையாடுவார்கள், அடுத்த சனிக்கிழமை முதல் அரை மணி நேரம் தடுமாறுவார்கள். புதன், சனி என்று வருபவர்களிடம் அந்தத் தடுமாற்றம் குறைவு. இதில் உடம்பின் பங்கும் இருக்கிறது. பழகாத உழைப்புக்குப் பிறகு வரும் தசைவலி பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். சனிக்கிழமை நன்றாக உருண்டவர் ஞாயிறு காலையில் அந்த வலியோடுதான் மேட்டுக்கு வருகிறார். அங்கே அவர் செய்வதில் பாதி, வலியைத் தவிர்க்கும் அசைவாக இருக்கிறது. அந்த அசைவும் பழக்கமாகிவிடும்.

எனவே எண்ணாகவே வேண்டுமென்றால் என் பதில் இது. வாரத்துக்கு ஒரு நாள் போதாது. தெரிந்ததைத் தக்கவைக்கலாம், புதிதாக ஏறுவது மிகவும் மெதுவாக இருக்கும். இரண்டு நாள், நடுவில் இரண்டு மூன்று நாள் இடைவெளியோடு என்றால், மெதுவாக ஆனால் நிச்சயமாக முன்னேறலாம். வேலைக்குப் போகும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு மூன்று நாள்தான் சரியான இடம். முந்தைய வகுப்பில் கற்றது மறப்பதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும், உடம்பும் ஆறிவிடும். நான்கு நாள் வரலாம், ஆனால் நான்கும் ஒரே கனத்தில் இருக்கக் கூடாது. ஐந்து, ஆறு நாள் என்பது உங்கள் தூக்கம், உணவு, வேலை எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடிந்தால் மட்டும். இந்த எண்கள் என் தீர்ப்பு, அறிவியல் விதி அல்ல. என்னைவிட நன்றாகத் தெரிந்த பயிற்சியாளர்கள் இதில் ஒரு நாள் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். இடைவெளி முக்கியம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாட்டை நான் அதிகம் கண்டதில்லை.

"சாம்பியன்கள் தினமும் இரண்டு வேளை செய்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்க வீரர் பி.ஜே. பென் சுமார் மூன்றே வருடத்தில் பிளாக் பெல்ட் வாங்கினார். 2000-ஆம் ஆண்டு உலக சாம்பியன்ஷிப்பில் பிளாக் பெல்ட் பிரிவில் வென்ற முதல் பிரேசில்காரர் அல்லாதவரும் அவரே. ஆனால் இருபதைச் சற்றே தாண்டிய வயது, அபாரமான இயல்புத் திறன், நாள் முழுவதும் மேட்டில் இருக்கும் வாழ்க்கை எல்லாம் சேர்ந்தது அவருடைய கணக்கு. அதே அளவு பயிற்சியைத் தாங்க முடியாமல் முட்டியும் தோளும் போய் விலகியவர்களின் பெயர் நமக்குத் தெரிய வருவதில்லை. ஜெயித்து நிற்பவர்களை மட்டும் பார்த்து எத்தனை நாள் என்று முடிவு செய்வதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

நான் அப்படி முடிவு செய்திருக்கிறேன். வெள்ளைக்கு அடுத்த ப்ளூ பெல்ட் வாங்கி ஒரு வருடம் ஆன நேரம், ஒரு போட்டிக்காக வாரத்துக்கு ஆறு நாள் என்று பத்து வாரம் பயிற்சி செய்தேன். எட்டாவது வாரத்திலேயே காலையில் கை விரல்களை முழுதாக மடக்க முடியவில்லை. இரவில் நடுவில் விழிப்பு வந்தது. அவை எச்சரிக்கை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பத்தாவது வாரம் சனிக்கிழமை, நான்காவது ரவுண்ட், ஹாஃப் கார்டில் (எதிராளி என் ஒரு காலைத் தன் கால்களுக்கு நடுவில் பிடித்திருக்கும் நிலை) மேலே இருக்கிறேன். எத்தனையோ தடவை செய்ததுபோல என் காலை உருவி எடுக்கப் போனேன். களைப்பில் அரை நொடி தாமதம். எதிரில் இருந்தவர் இயல்பாகத் திரும்பினார், என் முட்டி உள்பக்கமாக மடங்கியது. ஜவ்வு பாதி கிழிந்திருந்தது. மூன்று மாதம் மேட் இல்லை. பிறகு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்: பத்து வாரம், ஆறு நாள் வீதம் 60 வகுப்பு, அடுத்த 13 வாரம் பூஜ்யம். அதே 23 வாரத்தில், வாரத்துக்கு மூன்று நாள் அமைதியாக வந்துபோன என் பயிற்சித் தோழர் 69 வகுப்பு முடித்திருந்தார். போட்டிக்கும் அவர்தான் போனார்.

உடம்பின் பக்கம் உறுதியாகச் சொல்லக்கூடியது இது. பயிற்சிக்குத் தசை சீக்கிரம் பழகிக்கொள்கிறது. தசையை எலும்போடு கட்டும் நாண்களும் மூட்டு ஜவ்வும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். "எனக்கு இப்போது நல்ல ஸ்டாமினா வந்துவிட்டது" என்று தோன்றும் மாதத்தில் உங்கள் முட்டியும் முழங்கையும் அந்த அளவுக்குத் தயாராகியிருக்காது. இரண்டிலிருந்து ஐந்துக்குத் தாவக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு நாள் கூட்டுங்கள், ஆறு முதல் எட்டு வாரம் அதிலேயே நில்லுங்கள், பிறகு அடுத்த நாளைப் பற்றி யோசியுங்கள். பயிற்சியைத் திடீரென்று ஏற்றினால் காயம் கூடும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்று அச்சடித்தாற்போல ஒரு எண் சொல்வார்கள். அந்த எண்கள் மேல் கடும் சர்ச்சை இருக்கிறது, அவற்றைப் பிடித்துத் தொங்க வேண்டாம். தூக்கத்தில் மூளை புதிய அசைவுகளை உறுதிப்படுத்துகிறது என்பதும் அப்படித்தான். விரலால் வரிசையாகத் தட்டும் சோதனைகளில் அடுத்த நாள் முன்னேற்றம் தெரிந்தது. அதில் எவ்வளவு தூக்கத்தால், எவ்வளவு வெறும் ஓய்வால் என்று இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனாலும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஆறு மணி வகுப்புக்கு வருபவரை நான் கடினமாக ரோலிங் (ஜோடியாக மல்லுக்கட்டுவது) செய்ய விடுவதில்லை.

நாள் எண்ணிக்கையைப் போலவே முக்கியமானது அந்த நாளுக்குள் நடப்பது. ஒன்றரை மணி நேர வகுப்பைப் பிரித்துப் பாருங்கள். உடம்பைச் சூடேற்றப் பதினைந்து நிமிடம். நுட்பம் காட்டி, ஜோடியாகச் செய்து பார்க்க முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். மீதியில் ஜோடி மாற்றி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்தது போக ஐந்து நிமிட ரவுண்ட் ஐந்து கிடைக்கும். அதாவது எதிர்க்கும் ஆளோடு நிஜமாக மல்லுக்கட்டுவது 25 நிமிடம், வாரத்துக்கு 50. ஜியு-ஜிட்சு வளர்ந்ததே இந்த நிமிடங்களில்தான். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் தொடங்கிய கோடோகன் பள்ளியில் எதிர்ப்போடு செய்யும் சுதந்திரப் பயிற்சிக்குத்தான் முதன்மை இடம் தந்தார். அந்தப் பள்ளியில் பயின்று 1914-ல் பிரேசிலுக்குப் போன மிட்சுயோ மயேதா அதைத்தான் அங்கே கொண்டுபோனார். பிரேசிலின் கிரேசி குடும்பம் அதைத் தரைச் சண்டையாக வளர்த்தது. வகுப்பு முடிந்த பிறகு இரண்டு ரவுண்ட் கூடுதலாக இருந்துவிட்டு வந்தால் வாரத்துக்கு 20 நிமிடம் சேர்கிறது, ஒரு நாள்கூடக் கூட்டாமல். நாற்பது சதவீதம் அதிகம்!

அந்த ரவுண்டுகளையும் வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் முழங்காலில் உட்கார்ந்து கைகொடுத்துத் தொடங்கினால், உங்களுக்குப் பலவீனமான இடத்துக்கு ரவுண்டில் ஒரு நிமிடம் கிடைத்தால் அதிகம். உங்கள் பிரச்சினை சைடு கண்ட்ரோலின் (எதிராளி பக்கவாட்டிலிருந்து மார்பின் மேல் அழுத்தும் நிலை) கீழே மாட்டிக்கொள்வது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரத்துக்கு அதையே எடுங்கள். "சைடு கண்ட்ரோலில் இருந்து தொடங்கலாமா?" என்று கேளுங்கள்; வெளியே வந்தால் மறுபடி அங்கேயே போங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் என் மாணவர்களில் நன்றாக முன்னேறியவர்கள் எல்லோருமே இப்படி ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஐந்து நாளும் வந்து, ஒவ்வொரு நாளும் புதிய வீடியோவில் பார்த்த பிடியைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு வருடத்தில் தேங்கி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். வீடியோ பார்ப்பது தவறில்லை. அன்றைய வகுப்பில் செய்ததை இரவில் ஒருமுறை பார்த்து, நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு முன் அதைப் படியுங்கள். வீட்டில் தனியாகச் செய்யும் இடுப்பு நகர்த்தல், பாலம் போடுதல் (மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது) எல்லாம் உடம்பை இளக்க உதவும். எதிரில் ஒரு ஆளின் எடை இருப்பதற்கு அவை மாற்று ஆகாது.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வாரத்துக்கு எத்தனை நாள் என்பதைப் பல சமயம் தோல்தான் தீர்மானிக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் படர்தாமரை ஒருவரிடமிருந்து மேட் முழுவதும் பரவ ஒரு வாரம் போதும். வந்துவிட்டால் ஆறும்வரை மேட்டுக்கு வரக் கூடாது. இரண்டு மூன்று வாரம் போய்விடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை அடியில் பரவும், பிறகு எளிதில் போகாது. இந்தியாவில் தோல் மருத்துவர்கள் பல வருடமாக எச்சரித்துவரும் விஷயம் இது. நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள். வகுப்பு முடிந்ததும் குளியுங்கள். ஒரு முறை போட்ட கியை, அதாவது பயிற்சி உடையை, துவைக்காமல் மறுபடி போட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கனமான கி ஒன்று காய இரண்டு நாள்கூட ஆகும். மூன்று நாள் வர நினைத்தால் இரண்டாவது கி வாங்குவது அவசியச் செலவு. மெல்லிய நெசவாகப் பார்த்து வாங்குங்கள்.

பெல்ட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எண்ணிக்கை பேசும்போது அது மனதில் இருக்கும். சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதிப்படி ப்ளூவில் குறைந்தது 2 வருடம், பர்ப்பிளில் ஒன்றரை வருடம், பிரவுனில் 1 வருடம் இருக்க வேண்டும். அவை குறைந்தபட்சம், பெரும்பாலோர் அதைவிட அதிகம்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பிளாக் பெல்ட்டுக்குப் பத்து வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இவ்வளவு நீண்ட பாதையில் முதல் ஐந்து மாதத்தின் 63 வகுப்பு வித்தியாசம் பின்னால் கண்ணுக்கே தெரியாது. நடுவில் ஒரு வருடம் வராமல் போவது தெரியும். என் வகுப்பில் சேர்ந்து நின்றுவிட்டவர்களை யோசித்தால், மெதுவாக முன்னேறியதால் நின்றவர்களைவிட, வீட்டாரோடு தினமும் தகராறு வந்து நின்றவர்களும், ஆரம்ப வேகத்தில் காயப்பட்டுத் திரும்பாதவர்களுமே அதிகம்.

உங்களுக்கு நான் சொல்வது: ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு, செவ்வாயோ புதனோ ஒரு காலை வகுப்பில் சேருங்கள். அலுவலகம் முடிந்து டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு மாலை வகுப்புக்கு ஓடுவதைவிடக் காலை வகுப்பு தவறாமல் நடக்கும். எட்டு வாரம் புதன், சனி என்று பழகுங்கள். தூக்கம் கெடவில்லை, ஒரே மூட்டு அடுத்தடுத்து இரண்டு வகுப்பில் வலிக்கவில்லை, வீட்டில் முகம் சுளிக்கவில்லை என்றால் திங்கள்கிழமையையும் சேர்த்து மூன்றாக்குங்கள். பழைய காயம், இரத்த அழுத்தம், கழுத்து வட்டுப் பிரச்சினை எதுவும் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் என் எண்களை விட்டுவிட்டு முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். நான் பயிற்சியாளன், மருத்துவன் அல்ல. முட்டியிலோ தோளிலோ சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த ஐந்து நாள் நண்பரைத் தவிர்க்கத் தோன்றும். தவிர்க்க வேண்டாம். வரும் சனிக்கிழமை ரவுண்ட் தொடங்கும் முன் அவரிடம், "எதில் என்னை அடிக்கடி பிடிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அதே வாரத்தில் சேர்ந்தவர் என்பதால் உங்கள் தவறு அவருக்குப் பயிற்சியாளரைவிடத் துல்லியமாகத் தெரியும், அண்மையில்தான் அவரும் அதே தவறைச் செய்திருப்பார். அவர் சொல்லும் இடத்திலிருந்தே இரண்டு ரவுண்ட் தொடங்குங்கள்.